பிரெஞ்சு வீட்டுப்பாடம்: தடை போடுவதா, செயலியிடம் விடுவதா, வகுப்பிலேயே எழுத வைப்பதா?

கனடாவின் ஒன்ராறியோவில் ஒன்பதாம் வகுப்புக்கு கோர் பிரெஞ்சு, அதாவது பிரெஞ்சை ஒரு தனிப் பாடமாக மட்டும், படிப்பிக்கிற யாரும் செமஸ்டர் தொடங்கும்போது ஒரு தாள் எழுதியே ஆக வேண்டும். வீட்டுப்பாடம் எதில் வரும், எப்போது தர வேண்டும், எந்த உதவியை எடுக்கலாம், எதை எடுத்தால் அது கொப்பி. ஒரு காலத்தில் இந்தக் கடைசிக் கேள்விக்கு "கூகிள் ட்ரான்ஸ்லேட் பாவிக்கக் கூடாது" என்ற ஒரே வரி போதுமாக இருந்தது. இன்றைக்கு அந்த வரியை மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிற பிரெஞ்சு ஆசிரியரை நான் காணவில்லை.

நான் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் படிப்பிக்கிறேன். வகுப்பில் தமிழ், உருது, மண்டரின், தகலொக் பேசுகிற வீடுகளில் இருந்து வரும் பிள்ளைகள்தான் அதிகம். கணக்குப் பாடம் என்றால் அப்பாவோ மாமாவோ பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள். விஞ்ஞானம் என்றால் அக்கா சொல்லிக்கொடுப்பா. பிரெஞ்சு என்றால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இருக்கிற ஒரே துணை கைபேசி. ஆகவே இந்தக் கேள்வி எங்களுடைய வீடுகளில் கொஞ்சம் கூடுதலாகவே இறுகும். அடுத்த செமஸ்டருக்கு என்ன வைப்பது என்று யோசிக்கிற ஆசிரியர்களையும், வகுப்பின் விதிகளைப் பார்த்துக் குழம்பி நிற்கிற பெற்றோரையும் மனதில் வைத்து நான்கு வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். பல பெற்றோருக்கு இது தெரியாது, சில புது ஆசிரியர்களுக்கும் தெரியாது. ஒன்ராறியோவில் புள்ளி போடுவதற்கான கொள்கை 2010இல் கல்வி அமைச்சு வெளியிட்ட 'குரோயிங் சக்சஸ்' என்ற ஆவணத்தில் இருக்கிறது. படித்ததைப் பதிய வைக்கவும் அடுத்த வகுப்புக்குத் தயாராகவும் கொடுக்கிற அன்றாட வீட்டுப்பாடத்தைப் பாடத்தின் புள்ளியில் சேர்க்கக் கூடாது என்று அது சொல்கிறது. பிள்ளை வீட்டுப்பாடம் ஒழுங்காகச் செய்கிறதா என்பது ரிப்போர்ட் கார்டில் வேறு இடத்தில் வரும். பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனியாக வேலை செய்தல் என்று ஆறு பழக்கங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மிக நன்று, நன்று, திருப்தி, முன்னேற வேண்டும் என்ற நான்கில் ஒன்று. பாடத்தின் புள்ளியோ 70 வீதம் செமஸ்டர் முழுக்க நடக்கும் மதிப்பீடுகளில் இருந்தும், 30 வீதம் கடைசி மதிப்பீட்டில் இருந்தும் வரும்.

அப்படியென்றால் வினைச்சொல் பயிற்சியைக் கொப்பி அடித்த பிள்ளைக்குப் புள்ளியில் ஒரு லாபமும் இல்லை. லாபம் இருப்பது வீட்டில் எழுதி, புள்ளிக்காகக் கொடுக்கிற பந்தியிலும் புரொஜெக்டிலும்தான். சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒரே கூகிள் கிளாஸ்ரூமில், ஒரே மாதிரிப் பெட்டிக்குள், ஒரே மாதிரிக் கெடு நேரத்தோடு வருகின்றன. பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. இரவு 11:59க்குள் அனுப்ப வேண்டிய ஏதோ ஒன்று, அவ்வளவுதான். எந்த வழியை எடுத்தாலும் சரி, முதல் வாரத்திலேயே இந்த இரண்டையும் பெயரிலும் நிறத்திலும் பிரித்து வையுங்கள்.

தடையும் கையொப்பமும்

பழைய வழி இது. மொழிபெயர்ப்புக் கருவி எதையும் தொடக் கூடாது, அகராதி மட்டும் பார்க்கலாம், மீறினால் இன்ன விளைவு. பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்து வைத்த தாள் கோப்பில் இருக்கும்.

இது வேலை செய்த காலம் உண்டு. 2016 வரை கூகிளின் மொழிபெயர்ப்பு துண்டு துண்டாக ஒட்டுப் போட்டதுபோலத்தான் வந்தது. ஒரு பந்தியை வாசித்தவுடனேயே எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். அந்த வருடம் நவம்பரில் அது நரம்பியல் வலையமைப்பு முறைக்கு மாறியது. முதலில் மாறிய மொழிகளில் பிரெஞ்சும் ஒன்று. 2017 ஓகஸ்டில் டீப்எல் என்ற இன்னொரு மொழிபெயர்ப்புக் கருவி வந்தது. 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்தது. முன்பு கருவியின் பிழை கருவியைக் காட்டிக்கொடுத்தது. இப்போது பிழையே இல்லாததைப் பார்த்துத்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தானாக எழுதினால் தன் வயதை "ஜெ சுவி கத்தோர்ஸ் ஆன்" என்று எழுதும். ஆங்கிலத்தில் சொல்கிற மாதிரியே எழுதியது. "ஜே கத்தோர்ஸ் ஆன்" என்றுதான் வர வேண்டும். "போனேன்" என்பதற்கு "ஜெ சுவி அலே" என்று எழுதாமல் "ஜே அலே" என்று எழுதும். இரண்டுமே வகுப்பில் உட்கார்ந்து கேட்ட பிள்ளையின் பிழைகள். பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். அதே பிள்ளை அடுத்த திங்கட்கிழமை ஒரு பந்தி தருகிறது. அதில் "பியாங் க" என்று தொடங்கும் வாக்கியம், அதற்குப் பின்னால் வர வேண்டிய சப்ஜங்க்டிவ் என்ற சிறப்பு வினை வடிவம் சரியாக உட்கார்ந்திருக்கிறது. வகுப்பில் வார இறுதிக்கு "ஃபாங் த ஸமேன்" என்ற கியூபெக் வழக்கைப் படிப்பித்திருக்கிறேன். தாளில் பாரிஸ்காரர் சொல்கிற "வீக்கெண்ட்" இருக்கிறது. "இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் பிள்ளை தாளைப் பார்க்கிறது. "'ஆனாலும்' மாதிரி ஒன்று, மிஸ்." "சரி, இந்த வினை ஏன் இப்படி மாறி நிற்கிறது?" பதில் இல்லை.

இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. நிரூபிப்பதுதான் வேலை. கொப்பி அடித்ததற்கான விளைவை முடிவு செய்யும்போது பிள்ளையின் வகுப்பு, முதிர்ச்சி, இது எத்தனையாவது தடவை, சூழ்நிலை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று அதே 'குரோயிங் சக்சஸ்' சொல்கிறது. நியாயமான விதி. ஆனால் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு மதிய இடைவேளை, ஒரு தொலைபேசி அழைப்பு, உப அதிபருக்கு ஒரு மின்னஞ்சல் என்று ஆகிவிடும். வீட்டுக்கு எடுத்தால் அம்மா சொல்வா, "ரீச்சர், அவ இரவு பதினொரு மணி மட்டும் மேசையில இருந்து செய்தவ. நான் பக்கத்திலதான் இருந்தனான்." அம்மா சொல்வதும் உண்மைதான். பிள்ளை பதினொரு மணி வரை இருந்திருக்கிறது. பக்கத்தில் கைபேசியும் இருந்திருக்கிறது.

இங்கே சிலர் ஒரு குறுக்கு வழி கேட்பார்கள்: ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கிற மென்பொருள் இருக்கிறதே, அதில் போட்டுப் பார்த்தால் என்ன? வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதாது என்று சொல்லி அதே வருடம் ஜூலையில் எடுத்துவிட்டது. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்குத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை 'ஏஐ எழுதியது' என்றன. சொல்வளம் குறைவாக, எளிய வாக்கியமாக எழுதுபவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆய்வு ஆங்கிலத்தைப் பற்றியது. ஆனாலும் பிரெஞ்சு வகுப்பில் முப்பது பிள்ளைகளும் எளிய வாக்கியத்தில்தான் எழுதுவார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கூகிள் டொக்ஸில் பழைய பதிப்புகளைத் திறந்து பார்ப்பது ஓரளவு உதவும். ஒரு பந்தி முழுசாக ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தால் தெரிந்துவிடும். ஆனால் பிள்ளைகள் இரண்டாவது தடவையே கைபேசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்யக் கற்றுக்கொள்வார்கள். சிலர் வேண்டுமென்றே இரண்டு பிழையும் வைப்பார்கள். அந்த உழைப்பை "ஜே கத்தோர்ஸ் ஆன்" படிப்பதில் போட்டிருக்கலாம், சரி, அது வேறு கதை.

தடை முறைக்கு இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. "ஒரு சொல்லைத் தேடலாம், வாக்கியத்தைத் தேடக் கூடாது" என்று எழுதுகிறோம். வேர்ட்ரெஃபரன்ஸ் மாதிரியான நல்ல இணைய அகராதியில் தேடினாலே கீழே முழு வாக்கிய உதாரணங்கள் வரிசையாக வரும். அதைப் பார்த்து எழுதினால் குற்றமா? எனக்கே திட்டமாகச் சொல்லத் தெரியாத ஒரு கோட்டைப் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

செயலியிடம் விடுவது

இரண்டாவது வழி, வீட்டுப்பாடத்தைத் தானாகத் திருத்தும் பயிற்சிகளாக மாற்றிவிடுவது. வினைச்சொற்களுக்கு கொன்ஜுகெமோஸ், சொற்களுக்கு குவிஸ்லெட், பொதுவான பயிற்சிக்கு டுவோலிங்கோவின் பாடசாலைப் பதிப்பு, மாகாணம் முழுக்கப் பாவிக்கிற பிரைட்ஸ்பேஸ் என்ற இணைய வகுப்புத் தளத்தில் கேள்விகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் சிறு குவிஸ். ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை. பிள்ளைக்கு விடை உடனே தெரியும். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பச்சை நிறம் வருகிறதா சிவப்பு வருகிறதா என்று பார்க்கலாம்.

நேர்மை விஷயத்தில் இது பெரிய தலைவலி தராது, காரணம் இதில் ஏமாற்றிப் பெறுவதற்கு ஒன்றுமில்லை. நான் மேலே சொன்ன விதிப்படி இதற்குப் புள்ளி கிடையாது. அப்படியும் ஏமாற்றுவார்கள், அது மனித இயல்பு. டுவோலிங்கோவில் இத்தனை எக்ஸ்பி (பயிற்சிக்கு அது கொடுக்கும் புள்ளி) எடு என்றால் ஏற்கெனவே முடித்த சுலபமான பாடத்தையே திரும்பத் திரும்பச் செய்து எடுப்பார்கள். அதனால் எண்ணிக்கை கேட்காதீர்கள். குறிப்பிட்ட பாடத்தைக் கேளுங்கள். மறுநாள் வகுப்பு தொடங்கும்போது அதில் இருந்து ஐந்து வினைகளை ஒரு சிறு தாளில் எழுதச் சொன்னால் யார் செய்தார், யார் செய்யவில்லை என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குறை என்ன? இது எழுதவும் பேசவும் படிப்பிக்காது. "பார்லே" என்ற வினையை ஆறு வடிவத்திலும் தவறில்லாமல் நிரப்புகிற பிள்ளை, "நேற்று யாருடன் பேசினாய்?" என்று கேட்டால் வாய் திறக்காது. அன்றாடப் பயிற்சிக்கு இது போதும். இதை மட்டும் வைத்துச் செமஸ்டரை ஓட்டுபவர்கள் ஒரு வசதியை வாங்கிக்கொண்டு மொழியை விட்டுவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

எழுதுவதை வகுப்புக்குள் கொண்டுவருவது

என் வகுப்புக்கு நான் எடுத்த முடிவு இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புள்ளிக்காக எழுதும் எதுவும் வீட்டுக்குப் போகாது. வகுப்பில், கையால், தாளில், அரை மணி நேரத்தில் எழுத வேண்டும். வீட்டுக்குப் போவது கேட்பது, வாசிப்பது, சொற்கள் சேர்ப்பது, குரலில் பதிவது. 2024 செப்டெம்பரில் இருந்து ஒன்ராறியோவில் ஏழாம் வகுப்பில் இருந்து ஆசிரியர் அனுமதிக்காமல் பாட நேரத்தில் கைபேசி எடுக்க முடியாது என்று விதி இறுக்கப்பட்டதால் இதை நடைமுறைப்படுத்துவது முன்பைவிட லேசு.

உடனே வருகிற ஆட்சேபம்: நேரம் எங்கே? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிரெடிட், அதாவது டிப்ளோமாவுக்குக் கணக்கில் வரும் ஒரு பாடம், 110 மணித்தியாலம். ஒரு வகுப்பு 75 நிமிடம் என்று வைத்தால் 88 வகுப்புகள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அரை மணி நேர எழுத்து என்றால் செமஸ்டருக்கு ஒன்பது தடவை, 270 நிமிடம், நாலரை மணித்தியாலம். நான்கு வகுப்புகூட ஆகவில்லை. கொப்பி விசாரணைகளுக்குப் போகிற இடைவேளைகளையும் மாலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இது மலிவு.

இன்னொன்று. 2014இல் வந்த பிரெஞ்சுப் பாடத்திட்டம் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு பகுதிகளாக இருக்கிறது. எழுத்து அதில் ஒரு பகுதிதான். ஆனால் வீட்டுப்பாடம் என்றாலே எங்கள் கை தானாக எழுத்துக்குப் போகிறது, ஏனென்றால் திருத்துவதற்கும் காட்டுவதற்கும் அது வசதி. மற்ற மூன்றும் வீட்டுக்குப் போனால் நேர்மைச் சிக்கலும் பெரும்பாலும் கூடவே கழன்றுவிடும். கேட்பதற்கு சிபிசி, ரேடியோ-கனடா இரண்டும் சேர்ந்து இலவசமாகக் கொடுக்கிற மோரில் செயலி இருக்கிறது. ஒன்ராறியோவின் சொந்தப் பிரெஞ்சு அலைவரிசை டிஎஃப்ஓ இருக்கிறது. டிவி5மோந்தின் தளத்தில் மட்டம் பிரித்துப் பயிற்சிகள் இருக்கின்றன. ஐந்து நிமிடக் காணொளியைக் கேட்டுவிட்டு, புரிந்த மூன்று விஷயத்தையும் புரியாத ஒரு சொல்லையும் எழுதிக்கொண்டு வா என்றால், எந்தக் கருவி வந்தும் பிள்ளைக்காக அதைக் கேட்டுவிட முடியாது. சரி, எழுத்து வடிவை எடுத்து மொழிபெயர்த்து எழுதலாம். அப்படிச் செய்தவர் மறுநாள் "புரியாத சொல் எது?" என்று கேட்கும்போது முழிப்பார்.

குரல் பதிவு எனக்குப் பிடித்தது. நாற்பது நொடி, கைபேசியிலேயே பதிந்து அனுப்ப வேண்டும். "ஏஐ எழுதியதைப் பார்த்து வாசிக்க மாட்டார்களா?" வாசிப்பார்கள். வாசிக்கட்டும். பிரெஞ்சில் 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்கான "பார்ல்" (parlent) என்ற வினையின் கடைசி மூன்று எழுத்துகளும் உச்சரிப்பில் வராது. இலக்கணம் விளங்கிய பிள்ளை "இல் பார்ல்" என்று சொல்லும். விளங்காமல் பார்த்து வாசிக்கிற பிள்ளை எல்லா எழுத்தையும் விடாமல் "பார்லெந்த்" என்று வாசிக்கும். அப்புறம் நான் அந்த ஒலியைத் திருத்துகிறேன், பிள்ளை திரும்பச் சொல்கிறது. யார் எழுதிய வாக்கியமாக இருந்தால் என்ன, வாய் அந்தப் பிள்ளையுடையதுதானே.

இந்த வழியிலும் ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு, குறிப்பாகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, மனப்பாடம் கைவந்த கலை. அடுத்த கிழமை "என் குடும்பம்" பற்றி எழுத்து என்று சொன்னால், சாட்ஜிபிடி எழுதிய பந்தியை முழுசாகப் பாடமாக்கிக்கொண்டு வந்து கமா விடாமல் எழுதிவிடுவார்கள். அதனால் தலைப்பைச் சொல்லலாம், கேள்வியைச் சொல்லக் கூடாது. "என் குடும்பம்" என்று அறிவித்துவிட்டு, வகுப்பில் ஒரு சமையலறைப் படத்தைக் கொடுத்து "இந்த வீட்டில் உன் குடும்பம் ஒரு நாள் தங்கினால்?" என்று கேட்கலாம். பாடமாக்கிய சொற்கள் உதவும், பாடமாக்கிய பந்தி உதவாது. பத்துச் சொற்கள் எழுதிய ஒரு சிறு அட்டையைக் கொண்டுவர விடுகிறேன். அந்த அட்டைதான் உண்மையான வீட்டுப்பாடம். எந்தக் கருவியில் தேடினாலும் பரவாயில்லை.

யாருக்கு இது கஷ்டம்? முதலில், கையால் எழுத முடியாத, கணினி பாவிக்கும் உரிமை தனிக் கல்வித் திட்டத்தில் எழுதப்பட்ட பிள்ளைகள். அவர்களுக்குப் பாடசாலைக் கணினி கட்டாயம் கொடுக்க வேண்டும். திரையை நான் பார்க்கும் பக்கம் திருப்பி வைத்தால் போதும். அடுத்தது புதிதாக வந்தவர்கள். இங்கே நாலாம் வகுப்பில் இருந்து பிரெஞ்சு தொடங்குகிறது, எட்டு முடிவதற்குள் குறைந்தது 600 மணித்தியாலம் படித்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்தோ திருச்சியில் இருந்தோ போன ஓகஸ்டில் வந்த பிள்ளை அந்த 600இல் ஒன்றையும் பார்த்ததில்லை. அதிபர் நினைத்தால் சில கட்டாயப் பாடங்களுக்குப் பதில் பாடம் கொடுக்கலாம், இதைப் பல பெற்றோர் கேட்பதே இல்லை. ஆனால் வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மொழிபெயர்ப்புக் கருவி ஊன்றுகோல். அதைத் தட்டிப் பறித்துவிட்டு நேர்மை பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் கேள்வியை ஆங்கிலத்திலோ தமிழிலோ படித்துப் புரிந்துகொள்ள விடுகிறேன். பதில் மட்டும் பிரெஞ்சில், நான்கு வாக்கியம் போதும்.

கருவியை அனுமதித்துக் கணக்குக் கேட்பது

நாலாவது வழி இப்போது பட்டறைகளில் அதிகம் பேசப்படுகிறது. கருவி எல்லோரிடமும் இருக்கிறது, வாழ்க்கை முழுக்க இருக்கப்போகிறது, ஆகவே ஒளிக்காமல் பாவிக்கக் கற்றுக்கொடுப்போம் என்பது வாதம். மாணவர் முதலில் தானே ஒரு வரைவு எழுத வேண்டும். பிறகு கருவியிடம் கொடுத்துத் திருத்தலாம். அது செய்த மாற்றங்களில் மூன்றை அடிக்கோடிட்டு, ஏன் மாற்றியது என்று விளக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆசிரியருடன் அதைப் பற்றிப் பேச வேண்டும். கவனித்தது, பேசியது, எழுதியது என்று மூன்றையும் வைத்து மதிப்பிடச் சொல்கிற ஒன்ராறியோ கொள்கையோடு இது நன்றாகவே பொருந்துகிறது.

பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் இது அருமையாக வேலை செய்யும். ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி "அம்பர்ஃபே" (வழக்கமாக நடந்ததைச் சொல்லும் இறந்தகாலம்) போட்ட இடத்தில் கருவி "பாஸே கொம்போஸே" (ஒரு தடவை நடந்து முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலம்) என்று மாற்றியிருக்கிறது. "இல்லை மிஸ், நான் சொன்னது ஒவ்வொரு கோடையும் அம்மம்மா வீட்டுக்குப் போனதை. ஒரு தடவை போனதை இல்லை. என்னுடையதுதான் சரி" என்று அவள் வாதாடினால், அதற்குமேல் எனக்கு என்ன மதிப்பீடு வேண்டும்?

ஒன்பதாம் வகுப்பில் இதை நான் வைக்க மாட்டேன். கருவி சொன்னது சரியா என்று பார்க்கிற கண் இன்னும் வரவில்லை. "ஏன் மாற்றியது?" என்ற கேள்விக்கும் கருவியிடமே விளக்கம் கேட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். மூன்று விளக்கமும் அழகாக இருக்கும், முப்பது தாளிலும் ஒரே அழகாக இருக்கும். இரண்டு நிமிடப் பேச்சுத்தான் இந்த முறையின் உயிர். முப்பது பேருக்கு அது அறுபது நிமிடம், கிட்டத்தட்ட ஒரு முழு வகுப்பு. பெரிய வகுப்புகளில் பேச்சை விட்டுவிட்டுத் தாளை மட்டும் வாங்குகிற நிலை வரும். அப்படி வந்தால் இது பழைய வீட்டு எழுத்தைவிட மோசம்: கருவிக்கு அனுமதியும் கொடுத்துவிட்டோம், கணக்கும் கேட்கவில்லை. காசு கட்டி நல்ல பதிப்பு வைத்திருக்கிற பிள்ளைக்கும் இலவசத்தில் ஓட்டுகிற பிள்ளைக்கும் உள்ள இடைவெளி அதற்குமேல்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த வழியைத் தவிர்க்க முடியாது. 2020 செப்டெம்பரில் ஒன்பதாம் வகுப்புத் தொடங்கியவர்களில் இருந்து, டிப்ளோமாவுக்கு இரண்டு கிரெடிட் இணையவழியில் எடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பெற்றோர் எழுதிக்கொடுத்தால் விலக்கு உண்டு. சிலர் அந்தக் கிரெடிட்டைப் பிரெஞ்சில் எடுக்கிறார்கள். முழுக்க இணையத்தில் நடக்கிற வகுப்பில் "கையால், தாளில், என் கண் முன்னால்" என்பதற்கு இடமே இல்லை. அங்கே கருவியை அனுமதித்து, புள்ளியின் எடையை நேரடிக் காணொளி உரையாடலுக்கு மாற்றுவதே மிச்சமிருக்கிற வழி. என்னைக் கேட்டால், மொழிப் பாடத்தை இணையத்தில் எடுக்கவே வேண்டாம். கட்டாயக் கிரெடிட்டுக்கு வேறு பாடம் பாருங்கள்.

ஆகவே என் தெரிவு

ஒன்பதிலும் பத்திலும் மூன்றாவது வழி, அன்றாடப் பயிற்சிக்கு இரண்டாவதில் இருந்து கொஞ்சம். பதினொன்றில் இருந்து மெதுவாக நாலாவது. முதலாவதில் இருந்து நான் எடுத்துக்கொள்வது கையொப்பத் தாளை மட்டும், அதுவும் தண்டனைப் பட்டியலுக்காக இல்லை. எது பயிற்சி, எது புள்ளி என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

கடைசியில் பிள்ளைகள் போய் நிற்கப்போகிற இடத்தையும் பார்க்க வேண்டும். பல கல்விச் சபைகளில் பன்னிரண்டாம் வகுப்பில் டெல்ஃப் என்ற சர்வதேசப் பிரெஞ்சுத் தேர்வு எழுத வாய்ப்புக் கொடுக்கிறார்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தம் நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் சித்தி, எதிலாவது ஐந்துக்குக் கீழே போனால் மொத்தமும் போச்சு. அந்த அறைக்குள் கைபேசி வராது. சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும். வேலைக்கு இரு மொழியும் கேட்கிற நாட்டில் அது சும்மா கடதாசி இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சு தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். பிள்ளை எழுதியதைக் கையில் எடுத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறாய், தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். தானே எழுதியது என்றால் தட்டுத் தடுமாறியாவது சொல்லும். காசு கொடுத்து ரியூஷன் வைத்திருக்கிறவர்கள், ரியூஷன் ஆசிரியர் திருத்திக்கொடுத்த பந்தியும் பிள்ளையின் வேலை இல்லை என்பதை நினைவில் வையுங்கள். கருவி செய்தால் குற்றம், ஆள் செய்தால் உதவி என்று எந்த விதியும் சொல்லவில்லை.

சரி, இவ்வளவு செய்தும் ஒரு பிள்ளை மாட்டினால்? நான் பூச்சியம் போடுவதில்லை. அடுத்த நாள் மதிய இடைவேளையில் என் அறைக்கு வந்து, அதே தலைப்பில் வேறு கேள்விக்கு, கையால் திரும்ப எழுத வேண்டும். அதில் எடுப்பதுதான் புள்ளி. வீட்டுக்கு ஒரு அழைப்பு, கோப்பில் தேதியோடு ஒரு குறிப்பு. இரண்டாவது தடவை என்றால் உப அதிபரிடம் போகும், அந்தத் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.